முதியோர் இல்லங்களும் நடமாடும் சுதந்தரமும்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது சங்கத்தார் முதியோருக்கென ஓர் இல்லம் ஏற்படுத்த வேண்டுமென்று சில காலமாக ஆலோசித்து வருவது உங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயமே. இடம் எங்கே, பணம் எவ்வளவு, கட்டடம் எத்தனை மாடி, சமையல் யார் பொறுப்பு என்பன போன்ற கேள்விகள் பலவாறாகப் பேசப்பட்டு வருகின்றன. இவை யாவும் அவசியமானவையே. எனினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாகத் தீர்மானிக்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அஃது யாதெனில், அவ்வில்லத்தில் வந்து வசிக்கப்போகும் பெரியவர் தாம் நினைத்தபோது எழுந்து நடக்கலாமா, கூடாதா என்பதே. கேட்பதற்கு இது விநோதமாகத் தோன்றலாம். நடக்கக் கூடாது என்று யார் சொல்லப் போகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் உலகத்தில் முதியோர் இல்லங்களின் சரித்திரத்தைப் பார்த்தால், அன்புள்ள பிள்ளைகளும், படித்த வைத்தியர்களும், கருணையுள்ள தாதிமாரும் சேர்ந்தே, நன்மை செய்கிறோம் என்ற நல்லெண்ணத்துடன், பல லட்சம் முதியோரைக் கட்டிலோடும் நாற்காலியோடும் கட்டி வைத்திருந்தார்கள் என்பது விளங்கும். அச்சரித்திரத்தையும், அது எவ்வாறு மாறியது என்பதையும், அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது யாது என்பதையும் இன்று உங்கள் முன்னிலையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவத்துக்கும் சிறு அறுவைச் சிகிச்சைக்கும் போகிற தனியார் ஆஸ்பத்திரி என்று பொருள். அமெரிக்காவில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ள இயலாத முதியோரும் நெடுநாள் நோயாளரும் மாதக்கணக்காகவும் வருஷக்கணக்காகவும் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கே அங்கு அப்பெயர். அஃதாவது, அவர்களில் பலருக்கு அதுவே வீடு. இந்த வேற்றுமையை மனத்தில் கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்திருப்பது ஒன்று. தம் வீட்டிலேயே வாழ்நாள் முழுவதும் படுத்திருக்க வைக்கப்படுவது முற்றிலும் வேறொன்று.

அமெரிக்காவில் 1965-ம் வருஷத்தில் மெடிகேர், மெடிக்கெய்டு என்னும் அரசாங்க வைத்திய உதவித் திட்டங்கள் ஏற்பட்டபின் இவ்வில்லங்கள் பெருகின. பெருகிய இல்லங்களில் ஒரு வழக்கமும் வேரூன்றிற்று. மார்பின் மேல் அணிவித்து முதுகுப் புறத்தில் முடிச்சிடும் கச்சை, இடுப்புப் பட்டை, மணிக்கட்டுக் கயிறு, சக்கர நாற்காலிக்கு முன்னே திறக்க முடியாதபடி பூட்டப்படும் பலகை, கட்டிலின் இரு புறமும் உயர்த்தி வைக்கப்படும் கம்பித் தடுப்பு ஆகிய இவை அங்கே சாதாரண உபகரணங்களாயின. 1987-ம் வருஷத்துக்கு முன் அந்நாட்டு இல்லங்களில் வசித்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் இவ்வாறு கட்டப்பட்டிருந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்டவுடன் அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிடுதல் எளிது; ஆனால் அஃது உண்மையாகாது. ஏன் கட்டினார்கள்? பெரியவர் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொள்வார் என்ற பயம் ஒன்று. ஞாபக மறதி நோய் உள்ளவர் வாயிலைத் தாண்டித் தெருவில் போய்த் தொலைந்துவிடுவார் என்ற பயம் மற்றொன்று. விழுந்தால் பிள்ளைகள் வழக்குத் தொடுப்பார்கள் என்ற பயம் இல்லக்காரர்களுக்கு. இரவில் முப்பது பேரை இரண்டு பேர் பார்த்துக் கொள்வது எப்படி என்ற கவலை தாதிமாருக்கு. இவற்றோடு, "எங்கள் தாயாரை விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள், வேறொன்றும் நாங்கள் கேட்கவில்லை" என்று பிள்ளைகள் சொல்லிச் செல்லும் சொல்லும் சேர்ந்தது. பயந்தவர்கள் பலர், கட்டுண்டவர் ஒருவர். எல்லோருடைய பயத்துக்கும் மருந்தாக அவருடைய உடம்பில் கயிறு விழுந்தது.

அந்தக் கயிறு அவரைக் காத்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. காக்கவில்லை என்பதே ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு.

மனித தேகத்தின் இயல்பைச் சற்று யோசியுங்கள். தசை என்பது உபயோகித்தால் நிற்கும், உபயோகியாவிட்டால் கரையும். ஆரோக்கியமுள்ள முதியவர்கள் சிலரைப் பத்து நாள் மட்டும் படுக்கையில் இருக்கச் செய்து சோதித்ததில், அவர்கள் கால்களிலிருந்து மாத்திரம் சராசரியாகச் சுமார் ஒரு கிலோ தசை குறைந்துபோயிற்று என்று 2007-ம் வருஷத்தில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று தெரிவிக்கிறது. நோயில்லாதவர்களுக்கே பத்து நாளில் இவ்வளவு என்றால், ஏற்கெனவே தளர்ந்தவரை மாதக்கணக்கில் கட்டி வைத்தால் என்னாகும்? மூட்டுகள் மடங்கியபடியே விறைத்துவிடும். ஒரே இடத்தில் அழுந்திய தோல் புண்ணாகும். மலச்சிக்கல் உண்டாகும். கழிப்பறைக்குத் தாமாக எழுந்து போகக் கூடியவர், போக விடாமல் தடுக்கப்படுவதால், படுக்கையிலேயே சிறுநீர் கழிக்கும் நிலைக்கு வருவார். நுரையீரலில் சளி தங்கி ஜுரம் வரும். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஏன் கட்டினார்கள் என்று விளங்காத மனம், ஒன்று சீறும்; அல்லது அடங்கி, உலகத்தை விட்டே முகத்தைத் திருப்பிக் கொள்ளும். சீறினால், "பார்த்தீர்களா, இவரைக் கட்டித்தான் வைக்க வேண்டும்" என்பார்கள். அடங்கினால், "இப்போது நல்ல மாதிரி இருக்கிறார்" என்பார்கள். இரண்டும் ஒரே துன்பத்தின் இரு முகங்கள்.

விழாமலாவது இருந்தார்களா? 1992-ம் வருஷத்தில் மேரி டினெட்டி என்னும் வைத்திய நிபுணரும் அவருடைய சகாக்களும் கனெக்டிகட் மாகாணத்தில் 12 இல்லங்களைச் சேர்ந்த 397 முதியோரை ஒரு வருஷ காலம் கவனித்து எழுதிய ஆராய்ச்சி பிரசித்தமானது. கட்டப்படாதவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு விழுந்ததனால் பலத்த காயம் ஏற்பட்டது. கட்டப்பட்டவர்களில் அவ்வாறு காயமுற்றவர்கள் நூற்றுக்கு 17 பேர். மிகவும் தளர்ந்தவர்களையே கட்டியிருப்பார்கள், அதனால் அதிகமாக விழுந்திருப்பார்கள் என்று ஆட்சேபிக்கலாம். அந்த வேற்றுமையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோதும், கட்டியதனால் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. இதில் ஆச்சரியமில்லை. கால் பலம் குன்றியவர், கட்டை நெகிழ்த்திக்கொண்டு எழ முயலும்போதும், கம்பித் தடுப்பின் மேல் ஏறிக் குதிக்கும்போதும், அதிக உயரத்திலிருந்து அதிக வேகத்தோடு விழுவார். அதே வருஷத்தில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, கச்சையும் பட்டையும் கழுத்தையோ மார்பையோ நெருக்கி உயிரையே போக்கிய 122 சம்பவங்களை ஆராய்ந்து விவரித்தது. காக்கும் பொருட்டுக் கட்டிய கட்டே காலனாயிற்று.

இவ்விஷயங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்து கொண்டிருந்த காலத்திலேயே, 1987-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவில் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. அதன் முக்கியப் பகுதிகள் 1990-ம் வருஷம் அக்டோபர் மாதத்திலிருந்து அமலுக்கு வந்தன. அச்சட்டம் சொல்வதன் சாரம் இது: தண்டனைக்காகவோ, பணியாளரின் சௌகரியத்துக்காகவோ, ஒருவரைக் கயிற்றாலும் கட்டக்கூடாது, மருந்தாலும் கட்டக்கூடாது. அவருடைய நோய்க்குறி ஒன்றைச் சிகிச்சை செய்ய வேறு வழியில்லாத போது மட்டுமே, அதுவும் வைத்தியரின் எழுத்து மூலமான உத்தரவின் பேரில், அனுமதி உண்டு.

கட்டு என்பது எது என்பதற்கு அந்நாட்டு விதிகள் கூறும் விளக்கம் நாம் நன்றாகக் கவனிக்கத் தக்கது. பொருளின் பெயரைக் கொண்டு அவ்விதிகள் தீர்மானிப்பதில்லை. ஒருவர் தாமாக எளிதில் நீக்கிக்கொள்ள இயலாததும், அவர் அசைவதைத் தடுப்பதும் எதுவோ, அதுவே கட்டு. ஆகையால் கயிறு மட்டும் கட்டு அன்று. எழுந்திருக்க முடியாத அளவுக்குத் தாழ்ந்து சாய்ந்த நாற்காலியும் கட்டு. நாற்காலியைச் சுவரோடு நெருக்கிப் போட்டு எழ இடமில்லாமல் செய்வதும் கட்டு. போர்வையை மெத்தைக்கடியில் இறுகச் செருகி அசைய விடாமல் செய்வதும் கட்டு. அதே கட்டில் கம்பியை ஒரு பாட்டியார் பிடித்துக்கொண்டு புரண்டு எழுவாரானால் அஃது அவருக்கு ஊன்றுகோல். மற்றொரு பாட்டியாரை இறங்க விடாமல் அது தடுக்குமானால் அவருக்கு அது கட்டு. பொருள் ஒன்றே, அது யாரை என்ன செய்கிறது என்பதே கேள்வி.

இன்னொரு விதியும் பிள்ளைகளாகிய நமக்கு மிகவும் முக்கியமானது. குடும்பத்தார் கேட்டுக் கொண்டார்கள், கையொப்பமிட்டார்கள் என்ற காரணம் போதாது. சிகிச்சைக்கு அவசியமில்லாத கட்டை, மகன் சம்மதித்தாலும் இல்லக்காரர் போடக்கூடாது. தாயின் காலுக்கு மகன் எஜமானன் அல்லன் என்பதே இதன் கருத்து.

சட்டம் கட்டுவதைத் தடுத்ததோடு நிற்கவில்லை. நல்ல முறையில் கைகால் அசைத்துக்கொண்டு இல்லத்துக்குள் வந்தவர், தவிர்க்க இயலாத நோய்க் காரணம் இருந்தாலன்றி, அங்கே தங்கியதனால் அசைவு குன்றிப் போகக்கூடாது என்றும், குன்றியவருக்கு அதை மீட்பதற்குரிய பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் விதிகள் உள்ளன. அஃதாவது, நடக்க விடுவது மட்டும் போதாது. நடக்கும் சக்தியைக் காப்பதும் கடமை. கட்டை அவிழ்த்துவிட்டு, கைகொடுத்து எழுப்ப ஆளில்லாமல் விட்டால், அவிழ்த்ததனால் என்ன பயன்?

சட்டம் வந்தபின் நடந்தது என்ன? 1991-ம் வருஷத்தில் நூற்றுக்கு 21 பேர் கட்டப்பட்டிருந்தார்கள். 2007-ம் வருஷத்தில் அது நூற்றுக்கு 5 ஆயிற்று. பின்னர் அதனினும் குறைந்தது. கட்டை அவிழ்த்தால் ஆட்களை இருமடங்காக்க வேண்டும் என்றும், முதியவர்கள் விழுந்து மடிவார்கள் என்றும் சொன்னவர்கள் பலர். பென்ஸில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த லோயிஸ் எவன்ஸ், நெவில் ஸ்ட்ரம்ஃப் என்னும் தாதியியல் ஆசிரியைகள் மூன்று இல்லங்களில் நடத்திய சோதனை 1997-ம் வருஷத்தில் வெளிவந்தது. பணியாளருக்குக் கல்வி புகட்டி, ஒவ்வொரு முதியவரைப் பற்றியும் தேர்ந்த தாதி ஒருவர் கூடியிருந்து ஆலோசனை சொன்ன இல்லத்தில், ஆட்களை அதிகப்படுத்தாமலும், மயக்க மருந்தை அதிகப்படுத்தாமலும், பலத்த காயங்கள் அதிகரிக்காமலும் கட்டுகள் குறைந்தன. ஆகவே பணத்தைக் காட்டிலும் பழக்கமே பெரிய தடையாக இருந்தது என்பது வெளியாயிற்று.

கட்டாமல் எப்படிக் காப்பது? ஏன் எழுகிறார் என்று கேட்பதே முதற்படி. இரவு இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் கட்டிலிலிருந்து இறங்குகிறார் என்றால், அதற்குப் பெரும்பாலும் காரணம் உண்டு. சிறுநீர் முட்டியிருக்கலாம், பசித்திருக்கலாம், முழங்கால் வலித்திருக்கலாம், ஐம்பது வருஷம் அதிகாலையில் எழுந்து மாட்டுக்குத் தீவனம் வைத்த பழக்கம் உடம்பை எழுப்பியிருக்கலாம். முட்டுவதற்கு முன்பே கழிப்பறைக்கு அழைத்துப் போனால் அவர் தனியே இறங்க வேண்டிய அவசியம் இராது. கட்டிலைத் தரைக்கு அருகில் தாழ்த்தி வைத்தால், விழுந்தாலும் அடி குறையும். கழிப்பறை வரை மங்கலான விளக்கு வேண்டும். வழுக்காத செருப்பு வேண்டும். கண்ணாடியும் ஊன்றுகோலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தூக்க மருந்தும் இரத்த அழுத்த மருந்தும் தலைசுற்றலை உண்டாக்குகின்றனவா என்று வைத்தியர் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினந்தோறும் பத்து முறை செய்வித்தாலே தொடைக்குப் பலம் கிடைக்கும். வழி தவறிப் போகிறவருக்கு, பூட்டிய அறையைக் காட்டிலும், சுற்றிச் சுற்றி நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்படி வேலியிட்ட ஒரு தோட்டம் நல்லது. நம்மவர்க்கு இது புதிதன்று. கோயிலில் பிரதக்ஷிணம் வருவது போன்றதே அது. நடையும் உண்டு, தொலைந்து போகும் பயமும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். கயிற்றை அவிழ்த்த கை, மாத்திரையை நீட்டக்கூடாது. மனக்கோளாறுக்குரிய மருந்துகளை, மறதி நோயுள்ளவர் அமைதியாக இருப்பதற்கென்று கொடுக்கும் வழக்கம் பல தேசங்களில் உண்டு. மறதி நோயுள்ள முதியோருக்கு இம்மருந்துகளில் புதிய வகையைக் கொடுத்தால் மரணம் அதிகரிக்கிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2005-ம் வருஷத்தில் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. 2008-ம் வருஷத்தில் பழைய வகைக்கும் அதை விரிவாக்கிற்று. அத்தியாவசியமான நேரங்களில் வைத்தியர் அவற்றைக் கொடுப்பது உண்டு. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் பகல் முழுவதும் ஒருவர் நாற்காலியில் தலை தொங்க உட்கார்ந்திருந்தால், "சாந்தமாக இருக்கிறார்" என்று சந்தோஷப்படாமல், "என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?" என்று கேட்பது பிள்ளைகளின் கடமை.

மற்ற தேசங்கள் செய்ததையும் சுருக்கமாகப் பார்ப்போம். முதியோர் மிகுந்த ஜப்பான் தேசத்தில், 2000-ம் வருஷத்தில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டம் தொடங்கியபோதே, இல்லங்களில் முதியோரைக் கட்டுதல் பொது விதியாகத் தடுக்கப்பட்டது. மறு வருஷம் அரசாங்கத்தார் வெளியிட்ட கையேட்டில், கட்டு என்று கருதத்தக்க 11 செயல்களை எடுத்துக் காட்டினார்கள். கட்டிலைச் சுற்றிலும் கம்பி வைத்தல், விரல்களை உபயோகிக்க முடியாத கையுறை அணிவித்தல், தாமே கழற்ற முடியாத உடை உடுத்துதல், தாமாகத் திறக்க முடியாத அறையில் வைத்துப் பூட்டுதல் முதலியவை அவற்றுள் அடங்கும். விலக்கு வேண்டுமானால் மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே இருத்தல் வேண்டும். ஆபத்து உடனடியாக நேரக்கூடியதாக இருக்க வேண்டும். வேறு வழி இல்லாதிருக்க வேண்டும். கட்டு தற்காலிகமாக இருக்க வேண்டும். ஜெர்மனியிலோ, சம்மதம் தெரிவிக்க இயலாத நிலையிலுள்ள முதியவரை இல்லத்தில் நெடுநேரமோ அடிக்கடியோ இவ்வாறு தடுப்பதற்கு நியாயஸ்தலத்தின் அனுமதி வேண்டும். அங்கே கார்மிஷ் பார்ட்டன்கிர்ஹென் என்னும் ஊரில் 2007-ம் வருஷத்தில் தொடங்கிய முறைப்படி, அனுமதி அளிப்பதற்கு முன் நியாயஸ்தலத்தார் தாதியியல் அறிந்த ஒருவரை அனுப்பி, வேறு வழி உண்டா என்று இல்லத்தாரோடும் குடும்பத்தாரோடும் கலந்து பேசச் செய்கிறார்கள். அம்முறை பின்னர் ஜெர்மனியின் பல பாகங்களிலும் பரவிற்று.

ஜப்பானியர் சொன்ன மூன்றாவது நிபந்தனையின் அருமையை 2020-ம் வருஷத்துத் தொற்றுநோய்க் காலம் உலகத்துக்கே உணர்த்தியது. அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் அமெரிக்க இல்லங்களில் பார்வையாளர் வருகை நிறுத்தப்பட்டது. கூடியிருந்து உண்பதும் நின்றது. உயிரைக் காக்க வேண்டிய அவசியம் மெய்யே. ஆனால் எல்லோருக்கும் எந்நேரமும் பார்வையாளரை அனுமதிக்கலாம் என்ற உத்தரவு 2021-ம் வருஷம் நவம்பர் மாதத்தில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அறைக்குள்ளேயே இருந்து நடை குன்றியவர்களும், பேச்சு மறந்தவர்களும், பிள்ளைகள் முகம் காணாமலே மறைந்தவர்களும் அநேகர். நியாயமான காரணத்துக்காகப் பூட்டிய கதவுக்கும், என்று திறக்கப்படும் என்ற கேள்வி உண்டு.

நமது தேசத்துக்கு வருவோம். 1950-ம் வருஷத்தில் அமலுக்கு வந்த நமது அரசியலமைப்பு, தேசமெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையை 19-வது பிரிவிலும், உயிருக்கும் தேக சுதந்தரத்துக்கும் பாதுகாப்பை 21-வது பிரிவிலும் கொடுத்திருக்கிறது. இவ்வயது வரையில்தான் செல்லும் என்ற வரம்பு எதுவும் அவற்றில் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ம் வருஷத்தில் வந்தது. ஜில்லாவுக்கு ஒன்றாவது, ஏழை முதியோர் 150 பேராவது தங்கத்தக்க இல்லங்களைப் பற்றி அது பேசுகிறது. ஆனால் அவ்வில்லங்களில் முதியோரைக் கட்டக்கூடாது என்று அது வெளிப்படையாக ஒரு சொல்லும் கூறவில்லை. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைக் கூறியிருக்கிறது. அதன் 97-வது பிரிவின்படி, உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க அதுவே ஒரே வழியாக இருந்தாலன்றி நோயாளியைக் கட்டக்கூடாது. தண்டனையாகக் கட்டவே கூடாது. ஆள் போதவில்லை என்ற காரணத்துக்காகக் கட்டக்கூடாது. இச்சட்டம் மனநல நிலையங்களுக்கு உரியது. எனினும் அதன் நீதி முதியோர் இல்லங்களுக்கும் பொருந்தும் என்பதில் தடையில்லை.

அச்சட்டத்துக்குப் பின்னால் நம் தமிழ்நாட்டின் துயரம் ஒன்று இருக்கிறது. 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த விடுதி ஒன்றில் அதிகாலையில் தீப்பற்றியது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தபடியால் ஓடித் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர் அல்லர். குணமாக வேண்டுமென்று நம்பி வந்த குடும்பத்தாரே. ஓடிவிடாமல் இருக்கட்டும் என்று போட்ட சங்கிலி, ஓட வேண்டிய நேரத்தில் ஓட விடவில்லை. கட்டினால் பத்திரம் என்று எண்ணுகிற ஒவ்வொருவரும் அந்த விடியற்காலையை நினைக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் உங்களில் சிலர், "விழுந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒருவரும் ஒருகாலும் விழமாட்டார் என்று எவரும் உறுதி கூற முடியாது. நடக்கிறவர் என்றாவது இடறலாம். இளமையில் நமக்கும் அந்த ஆபத்து உண்டு. அதற்காக நாம் நடையை விட்டுவிடவில்லை. நம் குழந்தை தளர்நடை பயிலும்போது, நூறு முறை விழுந்தாலும் தொட்டிலில் கட்டிப் போடுவதில்லை. கூடவே கை நீட்டிக்கொண்டு போகிறோம். விழக்கூடிய ஆபத்தை முற்றிலும் அகற்றினால், அதனோடு வாழ்க்கையும் அகன்றுவிடும். எவ்வளவு ஆபத்தை ஏற்பது என்பதை, அறிவு தெளிந்திருக்கும் பெரியவர் தாமே சொல்ல வேண்டும்; தெளிவு குன்றியவரானால், அவர் எவ்வாறு வாழ்ந்தவர், எதை விரும்பியவர் என்று அறிந்தவர்கள் அவருடைய இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். நமது பயம் குறைவதற்காக அவருடைய நாள் குறையக்கூடாது.

இல்லங்களைப் பற்றியே பேசி வந்தோம். நமது வீடுகளையும் சற்றுப் பார்க்க வேண்டும். "நீங்கள் உட்காருங்கள், அம்மா, நாங்கள் செய்கிறோம்" என்று மருமகள் அன்போடு சொல்கிறாள். கோலம் போடக் குனியாதே என்கிறான் மகன். கடைக்குப் போகாதே, மாடிப்படி ஏறாதே, குளத்தங்கரைக்குப் போகாதே என்கிறோம். திண்ணையும் இடித்தாயிற்று, தெருவைப் பார்க்கவும் இடமில்லை. ஒவ்வொன்றும் அன்பினால் சொன்ன சொல்லே. ஆயினும் ஒன்றோடொன்று முறுக்கினால் அதுவும் கயிறே. கீரை ஆய்வதும், பூத் தொடுப்பதும், வாசல் வரை போய்ப் பால் வாங்கி வருவதும் முதியவருக்கு வேலையன்று, கைகாலுக்கு மருந்து.

ஆகையால், சங்கத்தாருக்கு எமது விண்ணப்பம் இது. நமது இல்லத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டுவதற்கு முன்பே, அதன் விதிகளில் சிலவற்றை எழுதி வைப்போம். இவ்வில்லத்தில் சௌகரியத்துக்காகவோ, ஆள் குறைவுக்காகவோ, குடும்பத்தார் கேட்டுக்கொண்டதற்காகவோ எவரையும் கட்டுவதில்லை என்று எழுதுவோம். தவிர்க்க முடியாத ஆபத்தில் தடுக்க நேர்ந்தால், ஏன், எவ்வளவு நேரம், யார் உத்தரவு என்பதைப் புத்தகத்தில் பதிந்து, அன்றைக்கே குடும்பத்தாருக்கு அறிவிப்போம். மாடிகளை உயர்த்துவதைக் காட்டிலும், தரைத் தளத்தை அகலமாக்கி, கைப்பிடிச் சுவரும், சுற்றி நடக்கும் தோட்டமும், தெருவைப் பார்க்கும் திண்ணையும் அமைப்போம். பகலில் வாயிற்கதவு திறந்திருக்கட்டும். கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போக விரும்புகிறவருக்குத் துணை ஒருவர் இருக்கட்டும். பளிங்குத் தரைக்குச் செலவிடும் பணத்தை இரவில் விழித்திருக்கும் ஆளுக்குக் கூலியாகக் கொடுப்போம். கொடையாளிகள் பெயரைக் கல்லில் பொறிப்பது நல்லதே; கட்டில்லாத இல்லம் என்ற பெயரும் அதனோடு நிலைக்கட்டும்.

குடும்பத்தாராகிய உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த இல்லத்தில் பெற்றோரை விடுவதாயிருந்தாலும், அறையின் அழகை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். காலை பத்து மணிக்குச் சென்று, எத்தனை பேர் நடந்து கொண்டிருக்கிறார்கள், எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கட்டில் கம்பிகள் பகலிலும் உயர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கையொப்பமிடச் சொல்லும் காகிதத்தைப் படித்துப் பாருங்கள். விடைபெறும்போது, "விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், "தினமும் நடக்கச் செய்யுங்கள், நடக்கும்போது விழுந்தால் உங்கள் மேல் பழி சுமத்த மாட்டோம்" என்றும் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் தாதியின் மனத்திலுள்ள பயத்தை நீக்கும். அவளுடைய பயம் நீங்கினால்தான் உங்கள் தாயாரின் கட்டு நீங்கும்.

நம்மை இடுப்பில் தூக்கி, விரலைப் பிடித்து நடக்கக் கற்பித்தவர்கள் அவர்கள். அவர்கள் கால் நிலத்தில் பதிந்திருக்கும் வரையில் அந்நடைக்கு இடம் விடுவது நம் கடன். இவ்விஷயத்தைச் சங்கத்துப் பெரியோர்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஆலோசித்து ஒரு முடிவுக்கு வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.